பழங்காலக் கிராமபோன்களைத் திரட்டுதலும் மெய்ம்மை காணும் முறையும்

முன்னுரை

ஏட்டுச்சுவடி ஒன்று கிடைத்தவுடன் அதனை அவ்வாறே அச்சிற்கு அனுப்பும் வழக்கம் ஆராய்ச்சியாளரிடம் இல்லை. ஏட்டின் அளவு, எழுத்தின் அமைதி, எழுதியோன் கைப்போக்கு, சிதைந்த இடங்கள், இடையே புகுந்த பாடல்கள் ஆகியவற்றை நோக்கிப் பிற படிகளோடு ஒப்பிட்ட பின்னரே அதன் தகுதி பற்றி ஒரு முடிவுக்கு வருகின்றோம். ஒலியைத் தாங்கி வந்த கருவிகளிடத்தும் தட்டுகளிடத்தும் இத்தகைய விழிப்பு நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. பழம்பொருட் கடைகளிலும் உணவு விடுதிகளின் முகப்புகளிலும் இல்லங்களின் கூடங்களிலும் பளபளக்கும் பித்தளைக் குழலோடு வீற்றிருக்கும் 'பழைய' கிராமபோன்களுட் பல, அண்மைப் பத்தாண்டுகளில் நம் நாட்டுப் பட்டறைகளிலேயே இணைத்துச் செய்யப்பட்டவை. அவற்றைக் கண்டு மகிழ்வோர் மகிழ்க. ஆயின் அவற்றைச் சான்றாகக் கொள்ள முற்படும்போது ஆராய்ச்சிக்கு இழுக்கு நேர்கின்றது.

உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்ட ஆண்டு 1887. அதே ஆண்டு நவம்பர்த் திங்களில் எமில் பெர்லினர் என்பார் அமெரிக்க நாட்டில் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டிற்கும் தொடர்பு ஏதுமில்லை. எனினும் ஏட்டிலிருந்து அச்சிற்குத் தமிழ் பெயர்ந்துகொண்டிருந்த காலமும், குரல் தட்டிற் பதியத் தொடங்கிய காலமும் ஒன்றாதல் நினைவிற் கொள்ளத்தக்கது. முன்னதைப் பற்றி நாம் நிரம்ப எழுதியுள்ளோம். பின்னதன் கருவிகளை மெய், கலப்பு, போலி எனப் பகுத்தறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்நாட்டில் மிகுதியும் வழங்கியவை இலண்டன் கிராமபோன் கம்பெனியாரின் கருவிகளாதலின், அவற்றையே சிறப்பாக எடுத்துக்கொள்வோம்.

1. பெயரும் பொருளும்

1877-இல் எடிசன் அமைத்த கருவி 'போனோகிராப்' எனப்பட்டது. அது முதலில் வெள்ளீயத் தகடு சுற்றிய உருளையைக் கொண்டிருந்தது. பின்னர்ச் சிசெஸ்டர் பெல், டெயின்டர் ஆகியோர் மெழுகு பயன்படுத்தும் முறையை வகுத்துத் தம் கருவியைக் 'கிராபோபோன்' என அழைத்தனர். பெர்லினரின் 'கிராமபோன்' தட்டையான வட்டத் தகட்டைப் பயன்கொண்டது. உருளையில் ஊசி மேலும் கீழுமாக அசைந்தது. பெர்லினரின் தட்டிலோ பக்கவாட்டில் அசைந்தது. ஒரு மூலத் தகட்டினின்று அச்செடுத்துப் பல படிகள் எடுக்க இயன்றமையே தட்டு முறையின் வெற்றிக்கு அடிப்படை. உருளைக்கும் தட்டுக்கும் இடையே நிகழ்ந்த போட்டியில் சுவடிக்கு எதிரே அச்சு நின்ற நிலையைக் காணலாம்.

ஆகவே பழைய ஒலிக்கருவி யாவற்றையும் கிராமபோன் என வழங்குதல் வழக்காற்றில் ஏற்புடையதாயினும், ஆராய்ச்சியில் வேறுபடுத்தியே கூறல் வேண்டும். இங்கிலாந்திலுங்கூட 1910-ஆம் ஆண்டு வரை இச்சொல் ஒரு நிறுவனத்தின் தனியுரிமையாகக் கருதப்பட்டது. அவ்வாண்டில் நீதிமன்றம் இதனைப் பொதுப்பெயர் எனத் தீர்ப்பளித்த பின்னரே எல்லா நிறுவனத்தாரும் தடையின்றி வழங்கலாயினர். தமிழகத்தில் மக்கள் இக்கருவியைப் 'பாட்டுப்பெட்டி' என்றும், தட்டினைப் 'பிளேட்டு' என்றும் வழங்கினர். பொதுமக்கள் கண்ணுக்குத் தோன்றியது பெட்டியும் அதனுள் எழும் பாட்டுமே என்பதை இப்பெயர் நன்கு காட்டுகின்றது.

2. காலநிரல்

மெய்ம்மை காண்பதற்கு முதற்கருவி காலநிரலே. எவ்வுறுப்பு எவ்வாண்டில் தோன்றியது என்பது தெரிந்தால், ஒன்றோடொன்று பொருந்தாத உறுப்புகள் தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

பெர்லினரின் முதற்கருவிகளைக் கையாற் சுழற்ற வேண்டியிருந்தது. 1896-இல் கேம்டன் நகரத்து எல்ட்ரிட்ஜ் ஜான்சன் சுருள்வில்லால் இயங்கும் பொறியை இக்கருவிக்கு அமைத்தளித்தார். சாவி கொடுத்து வில்லை முறுக்கிவிட்டாற் சுழல்வேகம் ஓரளவு சீராக நிற்கும் நிலை அதன் பின்னரே வாய்த்தது. 1898-இல் இலண்டனில் கிராமபோன் கம்பெனி தோன்றியது. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டு அச்சிடும் தொழிற்சாலையும் அமைந்தது. பிரான்சிஸ் பாரோ என்னும் ஓவியர், நாய் ஒன்று கருவியின் முன் அமர்ந்து தன் தலைவன் குரலைக் கேட்பதாகத் தீட்டிய ஓவியத்தை அந்நிறுவனம் 1899-இல் வாங்கியது. அவ்வோவியத்தில் முதலில் இருந்தது உருளைக் கருவி. அதனை மறைத்து, அதன்மேல் தட்டுக் கருவியைத் தீட்டித் தந்த பின்னரே ஓவியம் விலைபோயிற்று. உலகம் அறிந்த அச்சின்னமே ஒரு திருத்தப் பாடம் என்பது பதிப்புத்துறையினர்க்குச் சுவையளிக்கும் செய்தியாகும்.

1900 முதல் 1907 வரை இந்நிறுவனம் 'கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர்' என்னும் பெயரில் இயங்கியது. தட்டச்சுப்பொறி வாணிகத்தையும் மேற்கொண்டிருந்தமையே அதற்குக் காரணம். அக்காலத் தட்டுகளின் நடுவட்டத்தில் எழுதும் தேவதையின் உருவமே இருந்தது. நாயின் உருவம் அந்நிறுவனத் தட்டுகளின் முகப்பில் இடம்பெற்றது 1909 முதற்கொண்டே. எனவே நாய் உருவம் பொறித்த அந்நிறுவனத் தட்டு ஒன்றை 1902-ஆம் ஆண்டின் அச்சு என ஒருவர் கூறின், அக்கூற்று நில்லாது. பிற்கால மறு அச்சாக இருக்கலாமேயன்றி முதல் அச்சாக இருத்தல் இயலாது.

குழலின் வளர்ச்சியும் இவ்வாறே. தொடக்கத்தில் ஒலிப்பெட்டி குழலின் நுனியிலேயே பொருத்தப்பட்டிருந்தது. தட்டு ஓட ஓடக் குழல் முழுவதும் உடன் நகர்ந்தது. 1903-ஐ ஒட்டி, நுனி சிறுத்து அடி பெருத்துச் செல்லும் ஒலிக்கை அறிமுகமாயிற்று. அதன்பின் குழலின் பாரம் பெட்டியின் பின்புறத் தாங்கியில் நின்றது. ஒலிக்கை மட்டும் நகர்ந்தது. 1906-இல் அமெரிக்க விக்டர் நிறுவனம் குழலைப் பெட்டிக்குள்ளேயே மறைத்த 'விக்டரோலா'வை வெளியிட்டது. மறு ஆண்டில் இலண்டன் நிறுவனமும் அவ்வழி சென்றது. 1914-இல் 'டெக்கா' கையிற் கொண்டுசெல்லும் பெட்டி வெளிவந்தது. 1925-இல் மின்னொலிப் பதிவு வந்தபின், அதற்கேற்பக் குழலின் விரிவைக் கணக்கிட்டு வகுக்கும் புதுமுறை தோன்றியது. விக்டரின் 'ஆர்த்தோபோனிக்' கருவிகளும், 1927-இல் வந்த இலண்டன் நிறுவனத்தின் மடிகுழற் கருவிகளும் அதன் பயனே. 1931-இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. ஆயின. அவ்வாண்டை ஒட்டி வெளிவந்த 102 எண் கைப்பெட்டி பல ஆண்டுகள் விற்பனையில் நின்றது.

இந்தியாவைப் பொறுத்தவரை, 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோர் குரலைப் பதிவு செய்தார். அப்பதிவுகள் ஹானோவருக்கு அனுப்பப்பட்டுத் தட்டுகளாகத் திரும்பி வந்தன. பாடினோர் இறுதியில் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறும் வழக்கம் அக்காலத்தது. தொலைவில் தட்டு அச்சிடுவோர்க்குப் பாடினவர் இன்னார் எனத் தெரிதற்கு அது துணை செய்தது. பழம்பாடல்களின் இறுதியில் வரும் முத்திரை அடியோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். 1908-இல் கல்கத்தாச் சியால்தாவில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிய பின்னர்த் தட்டுகள் இங்கேயே அச்சாயின. 1928-ஐ ஒட்டி அது டம்டமிற்குப் பெயர்ந்தது.

3. உறுப்புகள் கூறும் சான்று

கருவியின் உறுப்புகளை ஐந்தாக வகுத்து நோக்குதல் எளிது: பெட்டி, பொறி, சுழல்தட்டு, ஒலிப்பெட்டி, குழல்.

பெட்டி பெரும்பாலும் ஓக், மகோகனி முதலிய மரங்களால் ஆயது. வெப்ப நாடுகளின் தட்பவெப்பத்திற்கெனத் தேக்கில் அமைந்தனவும் உண்டு. ஆகவே தேக்குப் பெட்டி என்ற ஒரே காரணத்தால் ஒரு கருவியைப் போலி எனத் தள்ளலாகாது. மரத்தின் வகையைவிட, அதன் உட்புறமே உண்மையைத் தெளிவாகக் கூறும். பெட்டியின் வெளிப்புறம் மெருகேறியும் உட்புறம் இயல்பாகக் கருத்தும், எண்ணெய்க் கறை படிந்தும் இருத்தல் பழமைக்கு அறிகுறி. உள்ளும் புறமும் ஒரே சாயம் பூசப்பட்டிருப்பின் ஐயுறல் வேண்டும்.

பொறியில் முதன்மையானவை சுருள்வில்லை அடக்கிய உருளைக் கூடும், வேகக் கட்டுப்பாட்டு உறுப்பும் ஆகும். பின்னதில் மெல்லிய எஃகுப் பட்டைகளிற் கோத்த மூன்று சிறு குண்டுகள் சுழலும். வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகும், அவற்றோடு இணைந்த வட்டத்தகடு இழுபட்டுத் தோல் அல்லது கம்பளித் திண்டில் உராயும், வேகம் அடங்கும். இத்திண்டை முன்பின் நகர்த்தியே சுழல்வேகத்தை வேண்டியவாறு அமைக்கின்றோம். சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ், பையார் முதலிய நிறுவனங்கள் பொறிகளைத் தனியே செய்து பல நாட்டு வணிகர்க்கும் விற்றன. சிறு வணிகர் அவற்றை வாங்கித் தாமே செய்த பெட்டிகளிற் பொருத்தி விற்றனர். எனவே புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் இல்லாமை போலிக்குச் சான்றாகாது. பெயரில்லாத மெய்க்கருவிகளும் உள. பெயர் பொறித்த போலிகள் அவற்றினும் மிகுதி.

ஒலிப்பெட்டியே கருவியின் உயிர்நிலை. வட்டச் சட்டத்துள், காக்காய்ப்பொன் என மக்கள் வழங்கும் அப்பிரகத்தின் மெல்லிய தகடு, இரு ரப்பர் வளையங்களுக்கிடையே நிற்கும். ஊசியின் அசைவு ஒரு சிறு நெம்புகோல் வழியே அத்தகட்டின் நடுவிற் சேரும். மின்னொலிப் பதிவு வந்தபின் அப்பிரகத்தின் இடத்தை மெல்லிய அலுமினியத் தகடு பிடித்தது. ஆகவே 1905-ஆம் ஆண்டினது என்னும் கருவியில் அலுமினியத் தகடுடைய ஒலிப்பெட்டி இருப்பின், அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது எனத் துணியலாம். 1920-களில் வந்த ஒலிப்பெட்டிகள், ஒலிக்கைகள் ஆகியவற்றிற் சில துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. அக்கலவை காலப்போக்கில் உப்பி வெடிக்கும். அவ்வெடிப்பு வாங்குவோர்க்கு வருத்தம் தருவதாயினும், ஆராய்வார்க்கு அதுவும் ஒரு காலச்சான்றே.

குழல் பெரும்பாலும் எஃகுத் தகட்டாலாயது. பூவிதழ் போன்ற பகுதிகளை மடித்து இணைத்துச் செய்த குழல்கள் 1900-களின் தொடக்கப் பத்தாண்டுக்கு உரியவை. அவை வண்ணம் பூசப்பட்டிருந்தன. மரக்குழல்களும் காகிதக்கூழ்க் குழல்களும் உண்டு. தொடக்கக் காலத்தில் சிறிய பித்தளைக் குழல்களும் இருந்தன. ஆனால் பெரிய பூவடிவில், முழுதும் பளபளக்கும் புதுப் பித்தளையால் ஆகிய குழலைக் கண்டால், நூற்றில் பெரும்பங்கு அண்மைக் கைவேலை என்றே கொள்ளல் வேண்டும்.

4. மூவகைக் கருவிகள்

நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்த மரபு நம்முடையது. இக்கருவிகளையும் மூவகையாகப் பகுக்கலாம்.

முதல்வகை, தொழிற்சாலையினின்று வந்த உறுப்புகளோடேயே நிற்கும் மெய்க்கருவி. ஊசி, வில், ரப்பர் வளையம் போன்ற தேயும் உறுப்புகள் மாற்றப்பட்டிருப்பினும் அதன் மெய்ம்மை கெடுவதில்லை. சுவடியின் சட்டத்தையும் கயிற்றையும் மாற்றுதல் போல்வது அது.

இரண்டாம் வகை, கலப்புக் கருவி. உறுப்பு ஒவ்வொன்றும் பழமையானதே. ஆயின் வெவ்வேறு கருவிகளினின்று வந்து ஒன்றாயிருக்கும். ஒரு நூலின் சிதைந்த பகுதியைப் பிறிதொரு நூலின் ஏடுகளால் நிரப்பிக் கட்டிய சுவடியை இது நிகர்க்கும். பழுது பார்ப்போர் கையிற் கிடைத்ததைக் கொண்டு இயங்கச் செய்ததனால் இந்நிலை நேர்ந்திருக்கலாம். ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் கொள்ள வேண்டுவதில்லை. இவ்வகை திரட்டத் தகாதது அன்று. ஆனால் எவ்வுறுப்பு எங்கிருந்து வந்தது என்பதை எழுதிவைத்தல் இன்றியமையாதது.

மூன்றாம் வகை, போலி. அறுகோண அல்லது எண்கோணப் பெட்டி, பளபளக்கும் பித்தளைக் குழல், கூர்மையாக வளைந்த தடித்த குழல்முழங்கை, நாய்ச்சின்னம் தாங்கிய புதுத் தகடு ஆகியன இதன் பொது இலக்கணம். உள்ளே இருக்கும் பொறி மட்டும் பெரும்பாலும் பழையது. அது எங்கிருந்து வந்தது? ஒரு மெய்யான கைப்பெட்டியை உடைத்து எடுக்கப்பட்டது. இங்கேதான் போலியின் தீமை முழுதும் புலனாகின்றது. போலிச் சுவடி எழுதுவோன் மெய்ச்சுவடியை அழித்தல் வேண்டுவதில்லை. போலிக் கிராமபோன் செய்வோனோ ஒவ்வொரு முறையும் ஒரு மெய்க்கருவியைக் கொன்றே தன் பொருளைப் படைக்கின்றான். குழலில்லாத எளிய கைப்பெட்டியைக் கொள்வார் இலர். குழலுடைய பகட்டுப் பெட்டிக்கோ விலை உண்டு. ஆகவே நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் உண்மையிற் பாட்டுக் கேட்ட கருவி அழிகின்றது; அவை கண்டறியாத கருவி பெருகுகின்றது. வருங்கால ஆராய்ச்சியாளன் எஞ்சியவற்றை எண்ணி, தமிழகத்து வீடுகளில் வழங்கியவை பித்தளைக் குழற் கருவிகளே என முடிவு கட்டுவானாயின், அப்பிழைக்கு இன்று வாங்குவோராகிய நாமே பொறுப்பாவோம்.

5. ஆய்வு முறை: ஓர் எடுத்துக்காட்டு

பழம்பொருட் கடை ஒன்றில் ஒரு குழற் கருவி கிடைக்கின்றது எனவும், அது 1905-ஆம் ஆண்டினது என விற்போர் கூறுகின்றார் எனவும் கொள்வோம். விலை பேசுமுன் செய்யத்தக்கன இவை.

முதலில் குழலை விடுத்துப் பெட்டியின் அடிப்பாகத்தை நோக்குக. ஆணிகளின் தலையில் ஒற்றை வரிப்பள்ளம் உள்ளதா, சிலுவைப் பள்ளம் உள்ளதா எனக் காண்க. சிலுவைப் பள்ளமுடைய திருகாணி 1930-களின் இடைப்பகுதியிலேயே வழக்கிற்கு வந்தது. 1905-ஆம் ஆண்டுப் பெட்டியில் அது தொழிற்சாலையில் இடப்பட்டிருத்தல் இயலாது. ஓரிரு ஆணிகளாயின் பிற்காலப் பழுது எனலாம். எல்லாம் அவ்வாறாயின் பெட்டியே பிற்காலத்தது.

இரண்டாவதாக, பொறி தாங்கிய மேற்பலகையை உயர்த்திப் பார்க்க இசைவு கேட்க. இசையாத வணிகரிடம் வாங்காதிருத்தல் நன்று. உள்ளே பழைய துளைகள், பொருத்தமில்லாமல் அடைக்கப்பட்ட பள்ளங்கள், பெட்டியின் ஆழத்திற்கு மிகச் சிறிய பொறி ஆகியவை உளவா எனக் காண்க. குழற் கருவிகளின் பொறி பொதுவாகப் பெரியது. கைப்பெட்டியின் பொறி தட்டையானது, சிறியது. ஆழ்ந்த பெட்டியுள் தட்டையான பொறி தொங்குமாயின், அது கைப்பெட்டியினின்று பறித்தது என உணர்க. சாவித்துளை பெட்டியிற் புதிதாக இடப்பட்டதா என்பதும் நோக்கத்தக்கது.

மூன்றாவதாக, ஒலிக்கையும் பின்தாங்கியும் குழலும் சேரும் மூட்டினைக் காண்க. மெய்க்கருவியில் ஒலி செல்லும் வழி, ஒலிப்பெட்டி முதல் குழல்வாய் வரை இடையறாது சிறிது சிறிதாக விரிந்துகொண்டே செல்லும். ஒலியியல் நோக்கில் அதுவே குழலின் பயன். போலியில் வழி சுருங்கியும் திடீரென விரிந்தும் நிற்கும். மூட்டுகளிற் காற்று ஒழுகும். அழகுக்காகச் செய்தவன் ஒலியின் நெறியை எண்ணவில்லை என்பதை இம்மூட்டே காட்டும்.

நான்காவதாக, பெயர்த்தகட்டையும் சின்னத்தையும் இறுதியிலேயே நோக்குக. புதியவர் முதலிற் பார்ப்பதும் நம்புவதும் இதனையே. எளிதிற் செய்யத்தக்கதும் இதுவே. நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் எழுதப்பட்டிருத்தலால் மட்டும் நூல் அவருடையதாகிவிடாது என்பதை நாம் அறிவோம். அகச்சான்றுகள் இசைந்தாலன்றிப் பெயரை ஏற்றல் தகாது.

ஐந்தாவதாக, வரலாற்றை வினவுக. எந்த ஊரில், எவர் வீட்டில், எத்தட்டுகளோடு இருந்தது என்பதை அறிய முயல்க. கருவியோடு வந்த தட்டுகள், ஊசிப்பெட்டிகள், விற்பனைச் சீட்டு ஆகியவை கருவியினும் அரிய சான்றுகளாதல் உண்டு. வணிகர் கருவியையும் தட்டையும் பிரித்து விற்கும்போது ஒரு குடும்பத்தின் கேள்வி வரலாறே சிதறுகின்றது. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகும்வரை பழைய நூல்களும் தட்டுகளும் அங்கே குவிந்து கிடந்தன. ஆங்கு வாங்கியவற்றுட் பல, வந்த வழி எழுதப்படாமையால் இன்று ஊர்பேர் அறியாப் பொருள்களாயின.

6. சுழல்வேகமும் சுருதியும்

கருவியின் மெய்ம்மை தமிழாராய்ச்சிக்கு ஏன் வேண்டும் என வினவுவார் உளர். விடை சுழல்வேகத்தில் உள்ளது.

நிமிடத்திற்கு 78 சுற்று என்பது பிற்காலத்தில் நிலைத்த அளவு. தொடக்கக் காலத் தட்டுகள் 70-க்குச் சற்று மேலும், 80-க்கு மேலுமாகப் பலவாறு பதிவாயின. 78 சுற்றிற் பதிந்த தட்டினை 73.6 சுற்றில் ஓட்டினால் சுருதி அரைக்கட்டை இறங்கும், 82.6 சுற்றில் ஓட்டினால் அரைக்கட்டை ஏறும். பன்னிரு சுரத்தானங்களுள் ஒன்று முழுதும் பெயர்ந்துவிடுகின்றது. மூன்று நிமிடப் பாட்டிற் பத்து விநாடி குறைவதும் உண்டு. ஆகவே காலப்பிரமாணமும் வேறுபடும். குரலின் தன்மையும் மாறி, ஆடவர் குரல் இளமை எய்தும், பெண்குரல் கீச்சிடும்.

1933-இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சக்குரலைப் பற்றியும், டி. என். இராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தின் சுருதியைத் தாழ்த்திப் பாரி நாகசுரத்தை நிலைநாட்டியமை பற்றியும் எழுதுவோர், தட்டுகளையே சான்றாகக் கொள்கின்றனர். எத்தனை கட்டையில் பாடினார், வாசித்தார் என்னும் கூற்று, எவ்வேகத்தில் ஓட்டிக் கேட்டோம் என்பதைச் சாராமல் நிற்க முடியாது. வில் தளர்ந்து, வேகக் கட்டுப்பாடு தேய்ந்த கருவியில் தட்டின் இறுதிப்பகுதியில் சுருதி தானே இறங்கும். அதனைப் பாடியவர் தளர்ச்சி எனக் கொள்வது எத்துணைப் பெரிய பிழை!

இதற்கு எளிய அளவைக் கருவி உண்டு. வட்ட அட்டை ஒன்றில் 77 கருங்கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து சுழல்தட்டின்மேல் இடுக. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 அலைவுகளை உடையதாதலின், அதனால் எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை ஒளி மிகுந்து குறையும். அவ்வொளியிற் கோடுகள் அசையாது நிற்பனபோற் தோன்றினால் வேகம் 77.92 சுற்று, நடைமுறையில் அது 78 என்றே கொள்ளப்படும். கோடுகள் சுழலும் திசையில் நகரின் வேகம் மிகுதி. எதிர்த்திசையில் நகரின் குறைவு. ஒளி துடிக்காத புதுவகை விளக்குகள் இதற்குப் பயன்படா.

கருவியின் வேகம் சரியாயினும் தட்டின் வேகம் யாது என்னும் வினா எஞ்சும். நாடகப் பாடல்களில் ஆர்மோனியம் உடன் ஒலிக்குமாயின் அதன் நிலைத்த சுருதி ஒரு துணையாகும். கட்டை என்னும் அளவே அவ்விசைக்கருவியின் கட்டைகளால் வந்ததன்றோ? ஒரே காலத்தில் ஒருவரே பதிந்த பல தட்டுகளை ஒப்பிடுதல் மற்றொரு வழி. பாடவேறுபாடு காண்பார் பல படிகளை ஒப்பிடுவதும் இதுவும் ஒரே நெறியின.

இசைக்கு மட்டுமன்றி மொழியாராய்ச்சிக்கும் இது வேண்டும். கிரியர்சனின் இந்திய மொழியாய்வோடு தொடர்புடைய ஒலிப்பதிவு முயற்சியின் பகுதியாகச் சென்னை மாகாண மொழிகளும் கிளைமொழிகளும் கிராமபோன் தட்டுகளிற் பதிவாயின. அவற்றின் உரைப்பகுதிகள் 1927-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தால் நூலாக வெளிவந்தன. நூறாண்டுக்கு முற்பட்ட தமிழ்ப் பேச்சின் குரலேற்ற இறக்கத்தையும் மாத்திரை அளவையும் அத்தகைய தட்டுகளினின்று அளக்க முற்படுவோர், வேகத்தை முதலில் உறுதிசெய்தல் கடன். நெட்டுயிரின் நீளத்தை விநாடிக் கணக்கில் எழுதிவிட்டு, தட்டின் வேகத்தை எழுதாது விடுதல், மூலச்சுவடியைக் குறிப்பிடாது பாடம் கூறுதற்கு ஒப்பாகும்.

7. பேணும் முறை

தட்டு அவலரக்கோடு கல்மாவு முதலியன கலந்து செய்யப்பட்டது. அம்மாவு எஃகு ஊசியை அரைத்துத் தன் தடத்திற்கேற்பக் கூராக்கும் வண்ணம் அமைந்தது. ஆகவே எஃகு ஊசியை ஒரு பக்கத்திற்கு ஒன்றாக மாற்றுதல் அக்கால விதி. ஊசியின் செலவை மிச்சம் பிடிப்போர் தட்டினை இழப்பர். ஒலியின் வன்மை மென்மையும் பெரும்பாலும் ஊசியின் பருமையால் அமைந்தது.

அரிய தட்டுகளைப் பழங்கருவியில் ஓட்டுதல் தகாது. ஒலிப்பெட்டியின் எடை நூறு கிராம் அளவினது. ஒவ்வொரு முறையும் தடம் தேயும். ஆராய்ச்சிக்கு எடை குறைந்த மின்முறை ஊசிக்கையையே பயன்கொள்க. அதற்கும் பழந்தட்டின் அகன்ற தடத்திற்குரிய, ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் முனையுடைய ஊசி வேண்டும். நெடுநேரத் தட்டிற்குரிய ஊசிமுனை 0.025 மில்லிமீட்டர் அளவினது. அது தடத்தின் அடியிற் புரண்டு இரைச்சலையே தரும். அங்ஙனமாயின் பழங்கருவி எதற்கு? மக்கள் கேட்ட ஒலி எத்தகையது என அறிதற்கு. குழலின் வழியே எவ்வொலி பெருகியது, எவ்வொலி மறைந்தது, பாடுவோர் ஏன் உரத்துப் பாடினர், பல்லவி, அனுபல்லவி, சரணங்களை மூன்று நிமிடத்துள் அடக்க எவற்றைத் துறந்தனர் என்பன கருவியின் முன் அமர்ந்து கேட்டாலன்றி விளங்கா. பரவலாகக் கிடைக்கும் தட்டு ஒன்றினை அதற்குப் பயன்கொண்டால் போதும்.

பெட்டியின் பழைய மெருகைச் சுரண்டிப் புதுமெருகு ஏற்றுதல், நிக்கல் பூச்சைத் தேய்த்தல், மங்கிய சின்னத்தை நீக்கிப் புதிது ஒட்டுதல் ஆகியவை வேண்டா. அவை சான்றினை அழிக்கும். இறுகிய ரப்பர் வளையத்தை மாற்றலாம். பழையதைப் பொதிந்து பெட்டிக்குள்ளேயே வைத்திடுக. சுருள்வில்லை முழுதும் முறுக்கிய நிலையில் நாட்கணக்கில் விடலாகாது. வில்லடங்கிய கூட்டினைப் பழக்கமில்லாதார் திறத்தல் பெருந்தீங்கு விளைக்கும். எஃகுச் சுருள் விசையோடு விரிந்து கையைப் பிளக்கும். செய்த பழுதுகள் அனைத்தையும் நாளொடு குறித்து, அக்குறிப்பினைக் கருவியோடு சேர்த்து வைத்தல் பதிப்பாசிரியர் எழுதும் முன்னுரைக்கு நிகரான கடமையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. பழங்கிராமபோனின் மெய்ம்மை அதன் பெயர்த்தகட்டால் அறியப்படுவது அன்று; உறுப்புகளின் காலப்பொருத்தத்தால் அறியப்படுவது. கலப்புக் கருவியும் குறிப்போடு கூடியவழி ஆராய்ச்சிக்கு உதவும். போலியை வாங்குதல் பொருளிழப்பு மட்டுமன்று. மற்றொரு மெய்க்கருவியின் அழிவிற்குக் கூலி கொடுத்தலும் ஆகும். தட்டின்வழி இசையையோ பேச்சையோ ஆராய்வோர் சுழல்வேகத்தைக் குறித்தல் இன்றியமையாதது.

நம் பாட்டன்மார் வீட்டுப் பரணில் தூசு படிந்து கிடக்கும் குழலில்லாக் கைப்பெட்டி ஒன்றை, பித்தளைக் குழல் இல்லை என்பதற்காகப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுதல் இன்றும் நிகழ்கின்றது. கரையானுக்கும் ஆற்றுநீருக்கும் இரையான ஏடுகளை எண்ணி வருந்துகின்ற நாம், இப்பெட்டிகளைக் காப்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் எஞ்சியுள்ள கருவிகளையும் தட்டுகளையும் கண்டு, உறுப்பு, எண், உடையோர் கூறும் வரலாறு ஆகியவற்றைப் பட்டியலிட்டு எழுதுவாராயின், அதுவே இத்துறைக்கு நல்ல தொடக்கமாகும். விலை கொடுத்து வாங்குதல் வேண்டா; கண்டு எழுதுதலே முதற்பணி.